போஸ்ட்கிரெஸ் இலவசம்தான், பிறகு ஆதரவுக்கு எதற்குப் பணம்?

கேள்வி அனுப்பியவர், சிங்கப்பூரில் குடும்பமாகக் காய்கறி, மளிகை மொத்த வியாபாரம் நடத்தும் ஒரு தம்பி. உணவகங்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் சரக்கு அனுப்புகிறார்கள். ஆர்டர், இருப்பு, பில் எல்லாம் ஒரு மென்பொருளில் ஓடுகின்றன. அதற்கு அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். எழுதிக்கொடுத்த நிரலாளர் ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது ஒரு நிறுவனம், ஆண்டுக் கட்டணத்தில் தரவுத்தள ஆதரவு தருகிறோம் என்று ஒப்பந்த வரைவை நீட்டியிருக்கிறது. அப்பா கேட்கிறாராம்: "மென்பொருள் இலவசம் என்றாயே, பிறகு இந்தப் பணம் எதற்கு?" தம்பிக்கு இன்னொரு யோசனை: ஆரக்கிளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாறிவிட்டால் ஆதரவும் அதிலேயே சேர்ந்து வந்துவிடாதா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், தம்பி. அந்த ஆண்டு ஒப்பந்தம், நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் வடிவத்தில், வேண்டாம். வேறு தரவுத்தளத்துக்கு மாறவும் வேண்டாம். ஆனால் பணமே செலவாகாது என்று அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் பற்றிய அறிவு அதன் கையேட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கட்டண ஆதரவில் நீங்கள் வாங்குவது, உங்களுக்குத் தேவையான நேரத்தில் ஃபோனை எடுத்தே ஆக வேண்டிய, உங்கள் சர்வருக்குள் நுழைய உரிமை பெற்ற ஓர் ஆளை. அந்த ஆள் எந்த நேரத்தில் தேவை என்று கணக்குப் பார்க்காமல் கையெழுத்திட்டால் பணம் வீண்.

முதலில் இலவசம் என்பதைப் பார்ப்போம். போஸ்ட்கிரெஸ் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. 1990களின் நடுவில் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தார்கள். 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இப்போதைய முழுப் பெயர் வந்தது. அன்றிலிருந்து பல நாட்டு நிரலாளர்கள் கூட்டாக அதை வளர்க்கிறார்கள்; அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பவை, போஸ்ட்கிரெஸுக்கு ஆதரவு விற்கும் நிறுவனங்களே. ஆகவே அத்தகைய நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு மென்பொருளின் வளர்ச்சிக்கே போகிறது என்று அப்பாவிடம் சொல்லலாம். அவர் மசிவாரா என்பது வேறு விஷயம்.

உரிமையாளர் இல்லாததில் ஒரு நன்மை இருக்கிறது. 1995இல் சுவீடனில் பிறந்த இன்னொரு இலவசத் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லை 2008இல் சன் நிறுவனம் ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மோண்டி விடேனியஸ் அதற்கு முன்பே பிரிந்துபோய், அதன் கிளையாக மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். பயனர்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றார்கள். போஸ்ட்கிரெஸை அப்படி யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆதரவு தரும் நிறுவனம் கைமாறினாலும் மென்பொருள் அப்படியே இருக்கும். நீங்கள் வேறு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இலவசத்துக்கும் ஆயுள் உண்டு. ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். இடையில் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் சிறு பதிப்புகள் வரும். பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பாலும் அவற்றோடுதான் வருகின்றன. பதிப்பு 12இன் காலம் 2024 நவம்பரோடு முடிந்தது. 13இன் காலம் 2025 நவம்பரோடு. உங்கள் நிரலாளர் ஊருக்குப் போன காலத்தை வைத்துப் பார்த்தால், நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது காலாவதியான பதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே வரிக் கட்டளையில் பதிப்பு எண் தெரிந்துவிடும், இன்றே பாருங்கள். பழைய பதிப்பாக இருந்தால், எந்த ஆதரவு நிறுவனத்திடம் போனாலும் அவர்கள் முதலில் சொல்லப்போவது மேம்படுத்துங்கள் என்பதைத்தான். அந்த மேம்படுத்தும் வேலை ஆண்டுக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனி பில்லா என்று வரைவில் தேடுங்கள். நீங்கள் அனுப்பிய பகுதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆரக்கிளுக்கு மாறினால் ஆதரவு சேர்ந்தே வரும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சேர்ந்து வருவதில்லை, தனியாக விற்கப்படுகிறது. உரிமத்துக்கு நீங்கள் கொடுத்த விலையில் 22 விழுக்காடு, ஆண்டுதோறும். எண்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு 47,500 அமெரிக்க டாலர். அதற்கு ஆதரவு ஆண்டுக்கு 10,450. சிறிய நிறுவனங்களுக்கான ஸ்டாண்டர்ட் பதிப்பு 17,500, ஆதரவு 3,850. பெரிய வாடிக்கையாளர்கள் பேரம் பேசிக் குறைப்பார்கள், உங்களுக்கும் எனக்கும் அந்தப் பலம் கிடையாது. கட்டாமல் விட்டால் புதிய திருத்தங்களைப் பெறும் உரிமை போய்விடும். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் விடுபட்ட காலத்துக்கும் சேர்த்து, அபராதம் போல ஒன்றரை மடங்காகக் கேட்பார்கள். இன்னொரு தலைவலியும் உண்டு: எண்டர்பிரைஸ் பதிப்பில் சில வசதிகள் மென்பொருளுக்குள்ளேயே திறந்து கிடக்கும், ஆனால் தொட்டால் தனி உரிமம் வேண்டும். பின்னொரு நாள் உரிமத் தணிக்கை வரும்போதுதான் பலருக்கு அது தெரிகிறது. ஆரக்கிள் மோசமான மென்பொருள் என்று சொல்லவில்லை; அதில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன், அதன் உறுதிக்கு நான் சாட்சி. காய்கறி மொத்த வியாபாரத்துக்கு அது தேவையில்லை.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ஒவ்வொரு பதிப்புக்கும் 5 ஆண்டு முழு ஆதரவு, அடுத்த 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 2014 பதிப்பு 2024 ஜூலையில் விடைபெற்றது. 2016 பதிப்பின் முறை 2026 ஜூலை. எக்ஸ்பிரஸ் என்ற இலவச வடிவமும் உண்டு; 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்டக் கூடாது. எந்தப் பெரிய நிறுவனத்தின் ஆதரவானாலும் அது அந்தப் பொருளில் உள்ள பிழைக்கான ஆதரவு. உங்கள் பில் திரை திறக்க 20 விநாடி ஆகிறது என்றால், "எங்கள் மென்பொருள் சரியாகத்தான் இயங்குகிறது" என்று பதில் வரும். அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். ஆதரவு என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. மென்பொருளில் பிழை கண்டால் திருத்தித் தருவது ஒன்று. ஏதாவது உடைந்தால் வந்து சரிசெய்வது இன்னொன்று. உடைவதற்கு முன்பே தினமும் கண்காணிப்பது வேறொன்று. மூன்றாவதுதான் விலை உயர்ந்தது. உங்கள் வரைவில் தலைப்பு மூன்றாவதாகவும் உள்ளே எழுதியிருப்பது இரண்டாவதாகவும் இருக்கிறது. "முன்கூட்டிய கண்காணிப்பு" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, என்ன கண்காணிப்பார்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லை மீறினால் யாருக்குச் செய்தி போகும் என்று எங்கும் சொல்லவில்லை.

அதைவிட முக்கியம் நேரம். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன்: பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விடியுமுன்பே சரக்கு எடுக்கிறீர்கள், 4 மணிக்கெல்லாம் லாரிகளுக்கு டெலிவரி ஆர்டர் அச்சாக வேண்டும், 8 மணிக்குப் பிறகு தரவுத்தளம் படுத்தால் எரிச்சல் வரும், அதற்கு முன்பு படுத்தால் வியாபாரமே நின்றுவிடும். வரைவில் ஆதரவு நேரம் என்ன? திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 6. உங்கள் ஆபத்தான நேரம் முழுவதும் அவர்கள் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை உங்களுக்கு எவ்வளவு பெரிய நாள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கலிஃபோர்னியாவில் பகல் வேலை நேரத்தில் மட்டும் ஆதரவு தரும் நிறுவனம் உங்களுக்கு இதைவிடப் பொருத்தம். அவர்களுடைய காலை 9 முதல் மாலை 5 என்பது சிங்கப்பூரில் அதிகாலை 1 முதல் 9 மணி வரை. கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக. சனிக்கிழமை அதிகாலையும் அடங்கிவிடும், அங்கே அது வெள்ளிக்கிழமை. ஆனால் நமது திங்கள் அதிகாலை அவர்களுக்கு ஞாயிறு நண்பகல். அன்று யாரும் இருக்கமாட்டார்கள். சென்னையிலோ கோவையிலோ இருந்து பேசும் குழு என்றால், அவர்களுடைய காலை 9 மணி நமக்கு 11.30. அதற்குள் லாரிகள் திரும்பியே வந்திருக்கும். ஆகவே நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டின் இரண்டு நாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் உட்பட எந்தெந்த விடுமுறை யாருடையது என்பதையும் கேளுங்கள். ஐரோப்பிய நிறுவனம் என்றால் டிசம்பர் கடைசி வாரம் அங்கே யார் இருப்பார்கள் என்று தனியாகக் கேட்கவேண்டும்.

அடுத்து, "4 மணி நேரத்தில் பதில்" என்ற வரி. பதில் என்றால் தீர்வு இல்லை. "உங்கள் புகார் கிடைத்தது, பதிப்பு எண்ணையும் பதிவுக் கோப்பையும் அனுப்புங்கள்" என்று மூன்றாவது மணி நேரத்தில் மின்னஞ்சல் வந்தாலும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. தீர்வு நேரத்துக்குப் பொதுவாக நிறுவனங்கள் உறுதி தருவதில்லை. தருகிறேன் என்பவரை நம்பவேண்டாம். நீங்கள் கேட்கவேண்டியது, முதல் பதிலைச் சொல்பவர் யார் என்பது. டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, வாங்கி வைக்கும் ஆளா, சர்வருக்குள் நுழைந்து பார்க்கத் தெரிந்த பொறியாளரா? இன்னொன்று: மிக அவசரம் என்ற முதல் நிலையில் புகார் கொடுத்தால், உங்கள் தரப்பிலும் ஒருவர் 24 மணி நேரமும் தொடர்பில் இருக்கவேண்டும் என்று பெரிய நிறுவனங்களின் விதியே இருக்கிறது. அவர்கள் விழித்திருக்க நீங்களும் விழித்திருக்கவேண்டும். உங்கள் அலுவலகத்தில் அந்த ஒருவர் யார்?

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கேயே உள்ள ஒரு விநியோக நிறுவனம், பெயர் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம், சனிக்கிழமை அதிகாலை, தரவுத்தளம் நின்றுவிட்டது. சர்வரின் சேமிப்பு வட்டில் ஒரு துளி இடமில்லை. காரணம் எளியது. அவர்களிடம் முன்பு ஒரு துணைச் சர்வர் இருந்தது. முதன்மைச் சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் அதற்கும் போய்ச் சேரும். செலவைக் குறைக்க அதை அணைத்துவிட்டார்கள். ஆனால் முதன்மைச் சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸ் நாணயமானது, துணைச் சர்வருக்கென்று ஒரு ஸ்லாட் (அது எதுவரை பெற்றது என்ற குறிப்பு) வைத்திருந்தால், அந்தச் சர்வர் திரும்பி வரும்வரை, நடந்த மாற்றங்களைக் குறித்த மாற்றக் கோப்புகளை அழிக்காமல் சேர்த்துவைக்கும். வாரக்கணக்கில் சேர்த்துவைத்தது. வட்டு நிரம்பியது.

இதற்கு மருந்து கால் மணி நேரம்கூட ஆகாது: வட்டுக்குக் கொஞ்சம் இடம் கூட்டி, சர்வரை எழுப்பி, அந்த ஸ்லாட்டை நீக்கிவிட்டால் பழைய கோப்புகளைப் போஸ்ட்கிரெஸே அழித்துக்கொள்ளும். அன்று அங்கே இருந்தவருக்கு அது தெரியவில்லை. ஆதரவு எண்ணை அழைத்தார்; வார நாளில் அழைக்கவும் என்று பதிவுக் குரல் சொன்னது. லாரிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். எந்த அடைவு (ஃபோல்டர்) பெரிதாக இருக்கிறது என்று தேடி, பழைய தேதியிட்ட கோப்புகளைத் தானே அழித்துவிட்டார். அவை சாதாரணப் பதிவுக் கோப்புகள் இல்லை. விபத்துக்குப் பின் தரவுத்தளம் எழுந்து நிற்க ஊன்றும் கோல்கள். அதன் பிறகு சர்வர் எழவே இல்லை. கடைசியில் வியாழக்கிழமை இரவு எடுத்த காப்பு நகலிலிருந்து மீட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் எழுதிய பில்களை டெலிவரி ஆர்டர் தாள்களை வைத்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகம் முழுவதும் இதே தவறு நடந்திருக்கிறது. அந்த அடைவுக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர் இருந்ததால் வெறும் பதிவுக் கோப்புகள் என்று எண்ணி ஆட்கள் அழித்துவிடுகிறார்கள் என்றே, 2017இல் வந்த பதிப்பு 10இல் அதை பிஜி_வால் என்று மாற்றினார்கள். ஸ்லாட் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்று எல்லை கட்டும் வசதி பதிப்பு 13இல் வந்தது. ஆனால் நீங்கள் அமைக்காவிட்டால் அதற்கு எல்லை கிடையாது.

ஆண்டுக் கட்டணம் கட்டியும் அவர்களுக்குத் தேவையான அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. இரவு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். அதனால்தான் ஒப்பந்தத்துக்கு முன்னால் காப்பு நகலைப் பற்றிக் கேட்கிறேன்.

எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. 2017 ஜனவரி 31 இரவு, அங்கே களைத்துப்போன ஒரு பொறியாளர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. காப்பு ஏற்பாடுகள் ஒன்றிரண்டு இல்லை, ஐந்து இருந்தன; தேடிப் பார்த்தால் ஒன்றும் சரியாக இல்லை. தினசரி நகல் எடுக்கும் பிஜி_டம்ப் கருவி 9.2 பதிப்பு, சர்வரோ 9.6, ஒவ்வொரு நாளும் நகல் தோல்வியடைந்துகொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஒருவர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் சோதனைக்காக எடுத்த நகலால் பிழைத்தார்கள். நடந்ததை மறைக்காமல் முழுவதும் வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்டவேண்டும். அந்த அறிக்கையால் தங்கள் காப்பு நகலைச் சோதித்துப் பார்த்தவர்கள் பலர்.

நீங்கள் செய்யவேண்டியது: நேற்றிரவின் நகலை எடுத்து, வேறொரு கணினியில் புதிதாகப் போஸ்ட்கிரெஸ் நிறுவி, அதில் மீட்டுப் பாருங்கள். மீண்டதும் நேற்றைய கடைசிப் பில் எண்ணைத் தேடுங்கள். இருக்கிறதா? எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தரவுத்தளத்தை மட்டும் நகலெடுக்கும் பிஜி_டம்ப், பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் எடுக்காது; அவற்றைத் தனியாக எடுக்கவேண்டும். பெரும்பாலோர் இதை முதல் மீட்பின்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். அது சோதனை மீட்பாக இருந்தால் நல்லது. நகல் அதே சர்வரின் அதே வட்டில் இருந்தால் அதை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரவுக்கு ஒரு நகல் என்றால் ஒரு நாள் வேலையை இழக்க ஒப்புக்கொள்கிறீர்கள் என்று பொருள். உங்கள் ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, டெலிவரி ஆர்டர் தாளில் கையெழுத்து வாங்குகிறீர்கள். ஒரு நாளை மறுபடி கட்டியெழுப்ப முடியும். கசப்பான வேலை, ஆனால் முடியும். எந்த நிமிடத்துக்கும் திரும்பிப் போகும் வசதி வேண்டுமென்றால், மாற்றக் கோப்புகளையும் தொடர்ந்து வேறிடத்தில் சேமிக்கவேண்டும். அதை அமைக்கத்தான் நான் பணம் கொடுத்து ஆள் வைப்பேன்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். உணவகங்களின் வணிகத் தொடர்பு எண்கள் அதன் பிடிக்குள் வருவதில்லை. ஆனால் உங்கள் ஊழியர்களின் அடையாள அட்டை எண், வேலை அனுமதிச் சீட்டு விவரம், சம்பளம், வீடுகளுக்கு அனுப்பும் வாடிக்கையாளர்களின் முகவரி எல்லாம் வரும். 2021 பிப்ரவரி 1 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தாலோ, கசிவால் ஒருவருக்குக் கணிசமான தீங்கு நேரும் என்றாலோ, அப்படி மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி. சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியனைத் தாண்டும் நிறுவனத்துக்கு அந்த வருவாயில் 10 விழுக்காடு வரைகூடப் போகலாம்.

ஆதரவு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று சொல்ல முடியாது. 2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அதன் கணினிகளை நடத்திய ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு ஆணையம் 750,000 வெள்ளி அபராதம் விதித்தது. தரவின் உரிமையாளரான சிங்ஹெல்த்துக்கும் 250,000 வெள்ளி. இன்னொரு விவரமும் அதில் கவனிக்கத் தக்கது. ஜூலை 4 அன்று வழக்கத்துக்கு மாறான வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) ஓடுவதைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, அங்கே வேலை பார்த்த ஒரு தரவுத்தள நிர்வாகி. வழக்கம் எது என்று தெரிந்த ஆளுக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். தொலைவிலிருந்து 60 வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு அது எளிதில் படாது.

ஆகவே புகாருடன் தரவுத்தளத்தையே நகலெடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பிழைச் செய்தி, அட்டவணை அமைப்பு, வினவலின் இயக்கத் திட்டம் ஆகியவை போதும். அதற்குமேல் வேண்டுமென்றால் பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள். அவர்கள் உள்ளே நுழைய ஆளுக்கொரு கணக்கு இருக்கட்டும். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்தால், யார் என்ன செய்தார் என்று பின்னால் சொல்ல முடியாது. தலைமைக் கடவுச்சொல் உங்கள் பெட்டகத்தில் இருக்கவேண்டும்.

24 மணி நேர ஆதரவு யாருக்கு வேண்டும்? வங்கிக்கு வேண்டும். முக்கியக் கணினி அமைப்புகள் எதிர்பாராமல் முடங்கும் நேரம் எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணியைத் தாண்டக் கூடாது, பெரிய கோளாறைக் கண்டறிந்த 1 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. அப்படிப்பட்ட இடத்திலும் ஆதரவு என்பது மந்திரம் இல்லை. 2010 ஜூலையில் டிபிஎஸ் வங்கியின் சேவைகள் சுமார் 7 மணி நேரம் முடங்கியபோது, காரணமாக அமைந்தது பராமரிப்பைக் கவனித்த ஐபிஎம் தரப்பினர் ஒரு கேபிளை மாற்றக் காலாவதியான வழிமுறையைப் பின்பற்றியது. பொறுப்பு வங்கியின் தலையில்தான் விழுந்தது. ஏறக்குறைய 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கச் சொன்னது ஆணையம்.

விற்பனையாளர் உங்களை ஒரு விஷயத்தில் பயமுறுத்தியிருக்கிறார்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரவுத்தளம் இடும் பரிவர்த்தனை எண்கள் தீர்ந்துபோனால் தரவுத்தளம் எழுதுவதையே நிறுத்திவிடும் என்று. அது உண்மைதான், பழைய எண்களைத் துடைக்காமல் சுமார் 200 கோடி வரைதான் போக முடியும். ஆனால் நாளொன்றுக்கு 1 லட்சம் மாற்றங்கள் என்று வைத்தாலும் அதைத் தொட 50 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆட்டோவேக்கும் என்ற உள் ஏற்பாடு பலமுறை பழைய எண்களைத் துடைத்துவிடும். அதை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். "வேகமாக ஓடும்" என்று சொல்லிச் சிலர் அணைத்துவிட்டுப் போவதுண்டு.

கிளவுட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமேசானுக்கு 2010 முதலே சிங்கப்பூரில் தரவு மையங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்ட், கூகுளுக்கும் உண்டு. அவர்கள் நடத்தும் போஸ்ட்கிரெஸை மாத வாடகைக்கு எடுத்தால் நகல், திருத்தம், வட்டு மாற்றம் அவர்கள் பொறுப்பு. மேலே சொன்ன விநியோக நிறுவனத்துக்கு இது நல்ல தீர்வாக இருந்திருக்கும். ஆனால் மெதுவான வினவலை அவர்கள் தொடமாட்டார்கள். காலாவதியான பதிப்பிலேயே தங்கினால் அமேசான் அதற்கும் தனிக் கட்டணம் போடுகிறது. கிடங்கில் இணையம் அறுந்தால் அதிகாலை 4 மணிக்கு டெலிவரி ஆர்டர் அச்சாகாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இரண்டாவது இணைய இணைப்புக்குப் பணம் கொடுக்கத் தயார் என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

கிளவுட் வேண்டாம் என்றால், ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக மணிக் கணக்கில் வேலை வாங்குங்கள். ஒருவரைப் பிடித்து, ஒரு தொகுப்பாக மணி நேரங்களை முன்பணம் கொடுத்து வாங்கிவைத்து, அதில் முதல் வேலையாகப் பதிப்பை மேம்படுத்தச் சொல்லுங்கள். அடுத்தது மீட்புச் சோதனை. மூன்றாவது, அந்த 20 விநாடித் திரை. பெரும்பாலும் தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் இல்லாத குறையாகத்தான் இருக்கும்: கடைப் பெயரைத் தேட, இத்தனை ஆண்டு பில்களையும் முதலிலிருந்து கடைசிவரை தரவுத்தளம் படித்துக்கொண்டிருக்கும். மிச்ச மணி நேரம் அடுத்த ஆண்டுக்கு நகருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதிகாலை 3 முதல் 8 வரை அழைத்தால் எடுப்பேன் என்பதற்குத் தனி விலை கேட்பார், கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்திலேயே மதிப்புள்ள பகுதி அதுதான்.

அழைக்கும்போது என்ன சொல்வது என்பதையும் இப்போதே ஒரு தாளில் எழுதி சர்வர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: போஸ்ட்கிரெஸ் பதிப்பு, இயங்குதளத்தின் பதிப்பு, பிழைச் செய்தி எழுத்து மாறாமல், எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்குமுன் என்ன மாற்றினோம், அதன்பின் என்னென்ன செய்து பார்த்தோம். கடைசியில் உள்ளதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஏதாவது அழித்திருந்தால் முதலில் அதைச் சொல்லவேண்டும். "நேற்றுவரை நன்றாக ஓடியது" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். எடுப்பவர் தமிழர் என்றால் தமிழில் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் டிக்கெட்டை ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் யாரோ தெரியாது.

ஒன்று மிச்சமிருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஊருக்குப் போன நிரலாளர் எழுதிய அந்தப் பில் மென்பொருளின் மூல நிரல் உங்களிடம் இருக்கிறதா? தரவுத்தளத்தை மேம்படுத்தினால் அந்த மென்பொருளில் சில இடங்களில் திருத்தம் தேவைப்படலாம், குறைந்தது அதைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் டிரைவர் என்ற பகுதியையாவது மாற்றவேண்டி வரலாம். எந்தத் தரவுத்தள ஆதரவு நிறுவனமும் அதைத் தொடாது. நிரலாளரின் எண் இன்னும் வேலை செய்கிறது என்றீர்கள். இந்த வாரமே அழையுங்கள். மூல நிரலையும், அதை நிறுவும் முறையையும், அவர் வைத்த கடவுச்சொற்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அவருக்கும் ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். அவை கைக்கு வந்தபின் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள், மேம்படுத்தும் வழியை அப்போது சொல்கிறேன்.